வன்னி பற்றிய ஆய்வுகளும் வன்னி வாசகரும்: கட்டற்ற வெளியீடு குறித்த ஒரு விமர்சன நோக்கு

ஓர் எழுத்து யாரைப் பற்றியது என்பதும், அது யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதும் இரு வேறு வினாக்கள். இலக்கிய விமர்சனத்துறையிலே இவ்வேறுபாடு நன்கு உணரப்பட்டுள்ளது. உழவரைப் பாத்திரங்களாகக் கொண்ட நாவலொன்று உழவரின் நோக்கிலே அமையாதிருக்கலாம் என்பதைச் சுட்டிக்காட்ட நமது விமர்சகர்கள் தயங்கியதில்லை. ஆயின், அதே அளவுகோலை அபிவிருத்தி ஆய்வு என்னும் எழுத்துவகையின்மீது பிரயோகித்துப் பார்க்கும் முயற்சி நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. ஆய்வறிக்கை உண்மையைக் கூறுவது, அதற்கு வாசகர் யார் என்று வினவுவது பொருத்தமற்றது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பு, 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே யுத்தம் முடிவுற்றதன் பின்னர், இந்நாட்டிலே மிகுதியாக ஆராயப்பட்ட பிரதேசங்களுள் ஒன்றாயிற்று. மீள்குடியேற்றம், வீடமைப்பு, நீர்ப்பாசனம், கடன், கண்ணிவெடி அகற்றல், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் என்று பல பொருள்கள்பற்றி அறிக்கைகள் எழுதப்பட்டன. அவற்றுட் கணிசமானவை இன்று இணையத்திலே விலையின்றிக் கிடைக்கின்றன. விலையின்றிக் கிடைப்பதனால் அவை வன்னி மக்களுக்கும் கிடைத்துவிட்டனவாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

கோட்பாடும் அதன் நியாயமும்

கட்டற்ற வெளியீடு, அல்லது திறந்த அணுகல், என்னும் கருத்து தோன்றிய சூழலை முதற்கண் நோக்குதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆய்விதழ்களின் பெரும்பகுதி சில ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் கைக்குச் சென்றது. பொதுப்பணத்தைக்கொண்டு ஆராய்ச்சி நடைபெற்றது; ஆய்வாளர் ஊதியமின்றி எழுதினர்; பிற அறிஞர் ஊதியமின்றி மதிப்பிட்டனர்; ஈற்றிலே அதே ஆய்வைப் பல்கலைக்கழக நூலகங்கள் பெருவிலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. இம்முரண்பாட்டுக்கு எதிராகவே 2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே புடாபெஸ்ட் பிரகடனம் வெளிவந்தது. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் இணையத்திற் கட்டணமின்றி வாசிக்கவும், படியெடுக்கவும், பிறருக்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்பது அதன் சாரமாகும்.

அபிவிருத்தி நிறுவனங்கள் இக்கொள்கையைப் பையப்பைய ஏற்றுக்கொண்டன. உலக வங்கி 2010ஆம் ஆண்டிலே தன் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2012ஆம் ஆண்டிலே தனது ஆய்வு வெளியீடுகளுக்கும் கட்டற்ற வெளியீட்டுக் கொள்கையை வகுத்தது. அதே ஆண்டிலே பிரித்தானியாவின் சர்வதேச அபிவிருத்தித் திணைக்களமும் தனது நிதியுதவியோடு நடைபெறும் ஆய்வுகளைத் திறந்த முறையில் வெளியிட வேண்டுமென விதித்தது. சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையங்களின் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டிலே இவ்வழியைப் பின்பற்றியது. எண்பதுகளின் நடுப்பகுதியிலே கண்டிக்கு அண்மையிலுள்ள திகணையில் இயங்கத் தொடங்கி, இன்று கொழும்பை அடுத்த பத்தரமுல்லையிலே தலைமையகத்தைக் கொண்டுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் அக்கூட்டமைப்பைச் சேர்ந்ததே. 2021ஆம் ஆண்டு நவம்பரிலே யுனெஸ்கோ திறந்த விஞ்ஞானம் பற்றிய பரிந்துரையை ஏற்றுக்கொண்டதோடு இக்கோட்பாடு அரசுகளின் அங்கீகாரத்தையும் பெற்றது.

இதன் நியாயத்தை விளக்க நமது மண்ணுக்கு அண்மையான உதாரணமொன்று உண்டு. உலர்வலயக் கிராமங்களிலே ஒரே சிற்றாற்றுப் பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக அமைந்த சிறுகுளங்கள் ஒன்றினது கழிவுநீரை மற்றொன்று ஏற்கும் வகையிற் பிணைக்கப்பட்டிருக்கின்றன. சிங்கள மக்கள் எல்லங்காவ என வழங்கும் இக்குளத்தொடர் அமைப்பு வவுனியாவின் சிறுகுளக் கிராமங்களுக்கும் அந்நியமானதன்று. இவ்வமைப்பைப் புவியியல் நோக்கில் ஆராய்ந்து ஆய்வுலகிற் பிரசித்தப்படுத்தியவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் சி. எம். மத்தும பண்டார. அவரது கட்டுரை 1985ஆம் ஆண்டிலே நெதர்லாந்தின் ரைடல் நிறுவனம் வெளியிட்ட தொகுதியொன்றில் இடம்பெற்றது. இவ்வமைப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டிலே அங்கீகரித்தது. ஆனால் அதற்கு வித்திட்ட அக்கட்டுரையோ பிறநாட்டுப் பதிப்பகத்தின் விலைப்பட்டியலைச் சேர்ந்தது. குளத்தைக் கட்டியவன் நம் நாட்டுக் கமக்காரன். ஆராய்ந்தவர் நம் நாட்டுப் பேராசிரியர். வாசிப்பதற்குரிய கட்டணமோ ஐரோப்பாவுக்குரியது. இந்நிலையை எதிர்த்தெழுந்த இயக்கத்தை எவரும் வரவேற்கவே செய்வர்.

எனவே, கட்டற்ற வெளியீட்டைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் வன்னியிலேயே உள்ளது. இங்கு கற்கும் மாணவர் வாஷிங்டனில் வெளியாகும் அறிக்கையை அன்றைக்கே வாசிக்கலாம் என்பது முந்திய தலைமுறை கண்டிராத வாய்ப்பு. எனினும், கதவொன்று திறக்கப்பட்டதெனின், அதனூடாகச் செல்லக்கூடியவர் யார் என்று கேட்பது விமர்சகரின் கடமையாகும்.

விலை நீங்கியும் வாசகர் மாறாமை

வன்னி பற்றிய முதலாவது விரிவான நிருவாக ஆய்வு எனத்தக்கது, இலங்கைக் குடியியற் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் எழுதி 1895ஆம் ஆண்டிலே கொழும்பில் அரசாங்க அச்சகத்தினால் வெளியிடப்பட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூலாகும். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய அன்றைய மாவட்டங்களின் வரலாறு, குடிசனம், குளங்கள், பயிர்ச்செய்கை, வழக்காறுகள் ஆகியன அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. நீண்டகாலமாக ஒருசில நூலகங்களில் மாத்திரம் காணக்கிடைத்த அந்நூலை இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் பெறலாம்.

லூயிஸின் நூலை வாசிக்கும்போது அதன் வாசகர் யார் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிகின்றது. அவருக்குப்பின் அப்பதவிக்கு வரவிருந்த உத்தியோகத்தருக்கும் கொழும்புச் செயலகத்துக்கும் எழுதப்பட்ட நூல் அது. வன்னியார் அதிலே பேசப்படுகின்றனர். அவர்களோடு அந்நூல் பேசவில்லை. இது லூயிஸின் தனிப்பட்ட குறையன்று. குடியேற்ற நிருவாகத்தின் தேவைக்காக எழுதப்பட்ட நூல் அத்தேவையின் மொழியிலே அமைந்தது. ஈண்டு மனங்கொளத்தக்கது யாதெனில், நூற்றாண்டு கடந்து அந்நூலின் விலை முற்றாக நீங்கிய பின்னரும் அதன் வாசகர் வட்டம் பெரிதும் மாறவில்லை என்பதே. வரலாற்று மாணவரும் சட்டத்தரணிகளும் அதனைப் புரட்டுகின்றனர். அந்நூல் வருணிக்கும் குளங்களின்கீழ் இன்றும் விதைக்கும் குடும்பங்களை அது சென்றடையவில்லை. விலை ஒரு தடை. மொழி மற்றொரு தடை. முன்னது நீங்கினாற் பின்னது தானே நீங்கும் என்பதற்கு வரலாற்றிலே சான்றில்லை.

இதனைப் புனைகதையோடு ஒப்பிட்டு நோக்கலாம். தண்ணிமுறிப்புக் கிராமத்து வாழ்வைச் சித்திரித்த அ. பாலமனோகரனின் நிலக்கிளி நாவல் 1973ஆம் ஆண்டிலே வீரகேசரி வெளியீடாக வந்தது. காட்டையும் குளத்தையும் வேட்டையையும் அறிந்த ஒருவர், அவற்றை அறிந்தவர்களும் வாசித்து ஒப்பவோ மறுக்கவோ கூடிய மொழியிலே எழுதிய நூல் அது. வன்னி வாசகர் அந்நாவலிலே தம் ஊரைக் கண்டு, இது இவ்வாறன்று என்று கூறக்கூடியவராயிருந்தார். தம்மைப்பற்றிய ஆய்வறிக்கையின் முன்னிலையிலே அவருக்கு அவ்வுரிமை இல்லை. ஓர் ஆய்வின் பிழையை முதலில் அறியக்கூடியவர் அதனாற் குறிக்கப்பட்டவரே. அவரை வாசகர் வட்டத்திலிருந்து விலக்கும்போது, ஆய்வு தனது மிகச்சிறந்த திருத்துநரை இழந்துவிடுகின்றது.

வினாத் தமிழில், விடை ஆங்கிலத்தில்

அபிவிருத்தி ஆய்வின் உற்பத்திமுறையை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். களத்துக்குச் செல்லும் வினாக்கொத்து முதலில் ஆங்கிலத்திலே தயாரிக்கப்படுகின்றது. பின்னர் அது தமிழாக்கப்படுகின்றது. தமிழ் தெரிந்த களப்பணியாளர், பெரும்பாலும் இப்பிரதேச இளைஞரும் பல்கலைக்கழக மாணவருமே, வீடுவீடாகச் சென்று தமிழிலே வினவித் தமிழிலே விடை பெறுகின்றனர். அவ்விடைகள் ஆங்கிலமாக்கப்பட்டு, அட்டவணைகளாகி, அறிக்கையாக வெளிவருகின்றன. அறிக்கை இணையத்தில் ஏறுகின்றது. அத்தோடு மொழிபெயர்ப்பு நின்றுவிடுகின்றது.

ஆகவே, மொழிபெயர்ப்புக்குப் பணமில்லை என்னும் கூற்று முழு உண்மையன்று. மக்களிடமிருந்து தகவலைப் பெறுவதற்கு மொழிபெயர்ப்புச் செலவு ஒதுக்கப்படுகின்றது. பெற்ற தகவலின் முடிபை அவர்களுக்குத் திருப்பிக் கூறுவதற்கே அது ஒதுக்கப்படுவதில்லை. மொழிபெயர்ப்பு ஒருவழிப் பாதையாக அமைந்துள்ளது. இது பணப்பற்றாக்குறையின் விளைவன்று. யாரை வாசகராகக் கருதுகின்றோம் என்னும் நோக்கின் விளைவாகும்.

இதன் பக்கவிளைவொன்றும் மொழியாராய்ச்சி மாணவரின் கவனத்துக்குரியது. பயனாளி, இலக்குக் குழு, வாழ்வாதாரம், வலுவூட்டல், பெண் தலைமைத்துவக் குடும்பம் முதலான சொற்கள் வன்னியின் அன்றாடப் பேச்சிலே கலந்துவிட்டன. இவை படிவங்களின் வழியாகவும் கூட்டங்களின் வழியாகவும் வந்த சொற்கள். ஆய்வின் கலைச்சொற்கள் கிராமத்தை அடைந்துள்ளன; ஆய்வின் முடிபுகள் அடையவில்லை. தம்மை எந்தத் தலைப்பின்கீழ் வகைப்படுத்தியுள்ளனர் என்பதை மக்கள் அறிவர். அவ்வகைப்படுத்தலிலிருந்து என்ன முடிபு பெறப்பட்டது என்பதை அறியார்.

ஓர் உதாரணம் நோக்குவோம். மீள்குடியேற்றத்தின் பின் வட மாகாணத்திலே பெரும் வீடமைப்புத் திட்டங்கள் நிறைவேற்றப்பட்டன. இந்திய வீட்டுத்திட்டத்தின்கீழ் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. வீட்டை உரிமையாளரே கட்டி முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சீபா என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படும் கொழும்பு வறுமை ஆய்வு நிலையம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே வீட்டுதவி பெற்ற குடும்பங்களின் கடன் நிலையை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டளவில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. வாழ்வும் கடனும் எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவ்வறிக்கை, உதவியாக வந்த வீடே கடனுக்கும் வழிவகுத்த நிலையை எடுத்துக்காட்டிற்று. உதவித்தொகை கட்டி முடிக்கப் போதாமை, நிலையான வருமானமின்மை, எளிதிற் கிடைத்த கடன் ஆகியன ஒன்றுசேர்ந்த நிலை அது.

பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம். நுண்கடன் நிறுவனங்களின் வாராந்த அறவீடு வன்னிக் கிராமங்களிலே பெருந்துயராக வளர்ந்தது. 2018ஆம் ஆண்டிலே, வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. அறிக்கையைத் தமிழில் வாசித்திருந்தால் ஒருவரும் கடன்பட்டிருக்கமாட்டார் என்று கூறுவது அறிவுடைமையாகாது. கடன் வாங்குவது அறியாமையினால் மட்டுமன்று, இல்லாமையினாலுமாகும். ஆனால், தன் வீட்டுக் கடன் தன் குடும்பத்தின் திறமையின்மையால் வந்ததென எண்ணி நாணிய ஒரு பெண், அயற்கிராமங்களிலும் இதுவே நிலை, திட்டத்தின் அமைப்பிலேயே இதற்குக் காரணம் உண்டு என்பதை அச்சிலே கண்டிருப்பின், அவளது நிலை வேறாயிருந்திருக்கும். மாதர் சங்கத்திலும் பிரதேச செயலகத்திலும் அவள் எடுத்துக்காட்டக்கூடிய சான்றொன்று அவள் கையில் இருந்திருக்கும். அபிவிருத்தி ஆய்வின் பயன் கொள்கை வகுப்போரை அறிவுறுத்துவதோடு முடிவதில்லை. தனித்தனியே அனுபவிக்கும் துன்பத்தைப் பொதுப்பிரச்சினையாகக் காணும் ஆற்றலை மக்களுக்கு அளிப்பதும் அதன் பயனாகும்.

இரணைமடு: அடியும் கனமீற்றரும்

இவ்வினா கூர்மையடைந்த இடம் இரணைமடுவாகும். வவுனியாப் பகுதியிலே ஊற்றெடுத்து வடக்கு நோக்கிப் பாயும் கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்ட இக்குளம், பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 106,500 ஏக்கர் அடி, அதாவது 131 மில்லியன் கனமீற்றர், ஆயிற்று. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் வயல் அதன்கீழ் உள்ளது. காலபோகத்திலே மழையும் குளமும் சேர்ந்து வயலை வாழ்விக்கும். சிறுபோகத்திலோ குளத்தில் எஞ்சிய நீரே கதி. ஆகவே, சிறுபோகத்துக்குமுன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பது கூறப்பட்டு, அவ்வாண்டு எத்தனை ஏக்கர் விதைப்பது, அதனை யார் யார் எவ்வாறு பங்கிடுவது என்பன தீர்மானிக்கப்படும். குளத்து நீரின் கணக்கு கமக்காரருக்குப் புதியதன்று என்பதை இது காட்டும்.

2010ஆம் ஆண்டிலே ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம் கிளிநொச்சி குடிநீர் வழங்கல், சுகாதாரத் திட்டத்துக்குக் கடனுதவியை அங்கீகரித்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் அதிற் பங்குகொண்டது. இரணைமடு நீரின் ஒருபகுதியைச் சுத்திகரித்துக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்வது திட்டத்தின் முக்கிய அம்சம். குடாநாட்டின் தேவை மெய்யானதே. சுண்ணக்கல் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் அப்பிரதேசத்தின் கிணறுகள் உவராவதும் நைத்திரேற்றினால் மாசடைவதும் நீண்டகாலமாக ஆராயப்பட்டவை. மறுபுறத்தில், குளக்கட்டை உயர்த்திப் புனரமைக்கும் வேலை சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு மேற்கொள்ளப்பட்டது. இவ்வாறு மிகுதியாகச் சேரும் நீர் இரு தேவைக்கும் போதுமா என்பதே பிணக்கின் மையம். போதாது, வறண்ட ஆண்டுகளிலே சிறுபோகம் அழியும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். பிணக்கு அரசியலாயிற்று. குடாநாட்டானுக்கும் வன்னியானுக்கும் இடையிலான மனக்கசப்பாகவும் அது உருவெடுத்தது. ஈற்றிலே மாற்றுவழியாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே அமைக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் வழங்கக்கூடிய நிலையம் அது.

முதல் ஒப்புதலுக்கும் இத்திறப்புவிழாவுக்கும் இடையே சென்றவை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள். தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவை யாவற்றையும் மொழியின்மீது சுமத்துவது தவறாகும். ஆயினும் நமது வினாவின் நோக்கிலே இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, இத்திட்டத்தின் பல ஆவணங்கள் மறைக்கப்பட்டவையல்ல. சுற்றாடல் மதிப்பீடும் திட்ட அறிக்கையும் வங்கியின் இணையத்தளத்திலே ஆங்கிலத்தில் எவரும் காணத்தக்கதாக வெளியிடப்பட்டன. அவ்வகையில் இது கட்டற்ற வெளியீட்டின் நல்ல உதாரணமெனலாம். இரண்டாவது, அவ்வாவணங்கள் நீரை மில்லியன் கனமீற்றரில் அளந்தன. கமக்காரர் நீரை அடியிலும் ஏக்கரிலும் அளந்தனர். ஒருவர் ஆண்டுச் சராசரியைப் பேசினர். மற்றவர் தாம் அனுபவித்த வறட்சி ஆண்டுகளைப் பேசினர். இவ்விரு கணக்குகளும் ஒரே பலகையில் எழுதப்பட்டு ஒப்புநோக்கப்பட்டிருப்பின், முடிவு வேறாயிராதெனினும், பிணக்கு எண்கள் பற்றியதாக இருந்திருக்கும். ஊர்கள் பற்றியதாக மாறியிராது. அறிவின் இடத்தை ஐயம் நிரப்பியது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. தமிழாக்கம் என்பது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் வைப்பதன்று. வாசகரின் அளவைக்கும் அனுபவத்துக்கும் ஆய்வைக் கொண்டுவருவதே தமிழாக்கம். ஒரு குளத்தின் நீர்ச்சமநிலைக் கணக்கைக் குளத்து மட்டத்தின் அடிக்கணக்கிலும், விதைக்கக்கூடிய ஏக்கர்க் கணக்கிலும், பத்து ஆண்டில் எத்தனை ஆண்டு வான் பாயும் என்ற கணக்கிலும் கூறினால், அதனை விளங்காத கமக்காரர் வன்னியில் இல்லை.

எழுதப்பட்ட நெறியும் நடைமுறையும்

இக்கோரிக்கை புதுமையானதன்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கையே, பாதிக்கப்படுவோர் விளங்கிக்கொள்ளக்கூடிய வடிவத்திலும் மொழியிலும் தகவல் வெளியிடப்பட வேண்டுமென்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. வெளிநாட்டு நிதியெனின் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியெனின் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டமொன்றின் தகவல்களை, அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியோருக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமையென அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகின்றது. நெறி எழுதப்பட்டுள்ளது. அதனைக் கேட்டுப் பெறும் வாசகர் கூட்டமே உருவாக வேண்டியுள்ளது.

இவ்விடத்திற் சில மறுப்புகள் எழக்கூடும். ஆங்கிலமே ஆய்வுலகின் பொதுமொழி, தமிழில் எழுதினால் யார் மேற்கோள் காட்டுவர் என்பது ஒன்று. ஆங்கிலத்தை விடுமாறு எவரும் கூறவில்லை. ஐம்பது பக்க ஆங்கில அறிக்கையோடு ஐந்து பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேர்வதனால் அதன் மதிப்பு குன்றாது. கமக்காரர் அறிக்கை வாசிப்பாரா என்பது மற்றொன்று. எல்லாரும் வாசிக்கமாட்டார். கமக்காரர் அமைப்பின் செயலாளர் வாசிப்பார்; பாடசாலை ஆசிரியர் வாசிப்பார்; கிராம அபிவிருத்திச் சங்கத்திலே ஒருவர் உரக்க வாசிக்கப் பிறர் கேட்பர். ஊர்களிலே புராணமும் பத்திரிகையும் இவ்வாறே படிக்கப்பட்டன.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்பது அண்மைக்கால மறுப்பு. அதன் பயனை மறுப்பதற்கில்லை. அதற்குத் திருத்துநர் வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. இலங்கை ஆங்கிலத்திலே குளத்தைக் குறிக்க வழங்கும் டாங்க் என்னும் சொல், பொது வழக்கில் நீர்த்தொட்டியையும் போர்த்தாங்கியையும் குறிக்கும். இம்மூன்றில் எது என்பதை இடமறிந்து தெரிவதற்கு இடத்தை அறிந்தவர் வேண்டும். வன்னியிலே இத்தவறு நகைப்புக்குரியது மட்டுமன்று.

முன்னோடிகளும் எஞ்சிய பணியும்

தமிழில் இயலாது என்னும் வாதத்துக்கு நமது வரலாறே விடையளிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் போதிக்கத் துணிந்தார். மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அம்முயற்சியின் பேறாக வெளிவந்தன. உடற்கூற்றியலையும் இரசாயனத்தையும் தாங்கிய மொழி கடன் பற்றிய ஆய்வையும் குளம் பற்றிய ஆய்வையும் தாங்காதென்பது பொருந்தாது.

நமது காலத்தின் முன்னோடி முயற்சி நூலகம் என்னும் மின்னூலகமாகும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதன் நினைவும், தொடர்ந்த இடப்பெயர்வுகளிலே வீட்டுச் சேகரிப்புகள் அழிந்ததன் அனுபவமும் அதன் பின்னணியில் உள்ளன. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவந்த சூழலிலே, 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள், ஆவணங்கள் முதலியவற்றைத் தன்னார்வலரின் உழைப்பினால் யாவர்க்கும் இலவசமாக்கியது. வன்னி பற்றித் தமிழில் அச்சேறியவற்றைத் தேடும் மாணவர் இன்று முதலில் நாடுவது அதனையே.

எனினும், இவ்விரு திறந்த களஞ்சியங்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் இடைவெளி தெரிகின்றது. உலக வங்கி முதலிய நிறுவனங்களின் களஞ்சியங்களிலே வன்னியின் தற்காலம் ஆங்கிலத்தில் உள்ளது. நூலகத்திலே வன்னியின் பண்பாட்டு நினைவு தமிழில் உள்ளது. வன்னியின் தற்காலத்தைத் தமிழில் ஆராயும் எழுத்து இரண்டுக்கும் இடையே போதிய இடம் பெறவில்லை. பழமையைத் தமிழுக்கும் பொருளாதாரத்தை ஆங்கிலத்துக்கும் ஒதுக்கிக் கொடுக்கும் இப்பிரிவினை, தமிழ் பயில்வோராகிய நாமும் அறிந்தோ அறியாமலோ ஏற்றுக்கொண்ட ஒன்றாகும். தமிழ்ச் சங்கங்களின் மலர்களைப் புரட்டினால் இது விளங்கும். சங்க இலக்கியம் பற்றிப் பத்துக் கட்டுரை காணப்படும் இடத்தில் சிறுபோகம் பற்றி ஒன்று காண்பது அரிது.

இங்கேதான் கட்டற்ற வெளியீட்டின் மெய்யான பயனை நாம் இதுகாறும் கவனியாதிருப்பது தெரியவருகின்றது. உலக வங்கி தன் ஆய்வு வெளியீடுகளுக்கு அளித்துள்ள உரிமம் வாசிக்கும் உரிமை மாத்திரமன்று. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அவற்றை மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம், அச்சிட்டு வழங்கலாம். எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. இத்தகைய உரிமத்தோடு வெளியாகும் ஆய்வுகள் பெருகி வருகின்றன. தமிழில் அவை இல்லாமைக்கு இனி வெளிநாட்டாரை மாத்திரம் குறைகூறுதல் நேர்மையாகாது. சட்டம் தடுக்காத வேலையை நாம் செய்யாதிருக்கின்றோம்.

செய்யத்தக்கவை பெரும் பொருட்செலவை வேண்டுவனவல்ல. வன்னியிலே களஆய்வு செய்யும் எந்த மாணவரும், எந்த விரிவுரையாளரும், தம் ஆய்வின் தமிழ்ச் சுருக்கமொன்றை ஆய்வேட்டுடன் சமர்ப்பிப்பதைப் பீடங்கள் நியதியாக்கலாம். ஆய்வொழுக்கக் குழுக்கள், தகவல் தந்தோருக்கு முடிபு எவ்வாறு திருப்பி அளிக்கப்படும் என்பதை அனுமதிக்கு முன்னரே கேட்கலாம். தமிழ்த்துறையும் விவசாய, புவியியல், பொருளியல் துறைகளும் கூடி, கமக்காரர் வழங்கும் சொற்களையும் அளவைகளையும் அடிப்படையாகக் கொண்ட கலைச்சொற் பட்டியலொன்றை ஆக்கலாம். ஆண்டுதோறும் வன்னி பற்றிய பத்து ஆய்வுகளைத் தமிழிற் சுருக்கி வெளியிடும் பணியைத் தமிழ்ச் சங்கமொன்று ஏற்கலாம். அச்சுருக்கங்கள் நூலகத்தில் சேரவேண்டும். கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையிலும் ஒரு படி தொங்கவேண்டும். இணையமின்றி வாசிக்கக்கூடிய ஒரு தாளும் கட்டற்ற வெளியீடே என்பதை நாம் மறத்தலாகாது.

வன்னி மக்கள் ஆய்வாளரை வரவேற்று, பாய் விரித்து, தேநீர் கொடுத்து, தம் இழப்புகளையும் கடன்களையும் எண்ணிச் சொல்லியிருக்கின்றனர். அவர்கள் சொன்னதிலிருந்து என்ன கற்றோம் என்பதை அவர்களுக்கு அவர்களது மொழியிலே கூறுவது உபகாரமன்று, நிலுவையிலுள்ள கடனாகும். அக்கடனைத் தீர்க்கத் தொடங்கும் பொழுதே கட்டற்ற வெளியீடு என்னும் தொடர் வன்னியிலும் பொருள் பெறும்.